இயற்கை ஒன்று, துறைகள் பல

புதுச்சேரி நகருக்குத் தெற்கே, சில கல் தொலைவில், வங்கக் கடலின் கரையில் அமைந்துள்ள மீனவர் பேரூர் வீராம்பட்டினம். கிழக்கே ஓயாது அலை வீசும் கடல்; மேற்கே அரியாங்குப்பம் ஆற்றின் உப்பங்கழி; இடையே மணற்பரப்பும் தென்னந்தோப்பும் மனைகளும். ஆடித் திங்களில் நடைபெறும் செங்கழுநீர் அம்மன் தேர்த் திருவிழாவினால் இவ்வூரைப் பலரும் அறிவர். அறிவியல் பயில விரும்பும் மாணவர்க்கோ இவ்வூர் வேறொரு வகையிலும் சிறந்ததாகும். பள்ளியில் நாம் தனித்தனியே படிக்கும் பாடங்கள் அனைத்தும் ஓரிடத்தில் கூடி நிற்கும் காட்சியை இங்கே காணலாம்.

கரையில் நின்று கடலை நோக்குவோம். அலை எழுவது காற்றினால். காற்று வீசுவது நிலமும் நீரும் வெவ்வேறு அளவில் வெப்பம் கொள்வதால். இவற்றை இயற்பியல் கூறும். கடல்நீர் ஏன் உவர்க்கிறது, வலையின் இரும்புக் கொளுவிகள் ஏன் விரைவில் துருப்பிடிக்கின்றன என்பவற்றிற்கு விடை தருவது வேதியியல். வலையில் துள்ளும் மீன் எங்கே பிறந்தது, எதை உண்டு வளர்ந்தது என ஆராய்வது உயிரியல். காலடியிலுள்ள மணல் எந்த மலையின் பாறை உதிர்ந்து ஆற்றோடு வந்தது என வினவுவது நிலவியல். ஓதம் ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் முன்னரே கணித்துச் சொல்வது கணிதம். ஆனால் கடலுக்கு இப்பிரிவுகள் தெரியுமோ? அலையும் உப்பும் மீனும் மணலும் ஒன்றாகவே இயங்குகின்றன. துறைகள் என்பன மாந்தர் தம் வசதிக்காக வகுத்துக் கொண்ட வரப்புகளே அன்றி, இயற்கை வகுத்த எல்லைகள் அல்ல.

இவ்வாறு பிரித்தது தவறு என்று எண்ணுதல் கூடாது. அறிவு பெருகப் பெருக, ஒருவர் அனைத்தையும் கற்றல் அரிதாயிற்று. ஆதலால் அறிஞர்கள் வேலையைப் பங்கிட்டுக் கொண்டனர். ஒருவர் ஒளியை ஆராய்ந்தார்; ஒருவர் பாறையை ஆராய்ந்தார்; மற்றொருவர் பூச்சியை ஆராய்ந்தார். இப்பங்கீட்டினால் ஒவ்வொரு துறையும் ஆழமாக வளர்ந்தது. எனினும் ஒரு குறையும் உடன் வந்தது. தம் வரப்புக்கு அப்பால் நிகழ்வதைப் பாராமல் இருக்கும் பழக்கம் சிலருக்கு ஏற்பட்டது. அதனால் நேரும் இடர் எத்தகையது என்பதைப் புதுச்சேரிக் கடற்கரையே நமக்குக் காட்டுகிறது.

இக்கடற்கரையில் மணல் ஓரிடத்தில் நிலைத்திருப்பதன்று. அலைகள் கரையை நேராகத் தாக்காமல் சாய்வாகத் தாக்குகின்றன. அலை ஏறும்போது மணலைச் சாய்வாக ஏற்றுகிறது. மீளும்போது நேராக இறக்குகிறது. இவ்வாறு ஒவ்வோர் அலைக்கும் மணற்றுகள் சிறிது தூரம் கரையோரமாக நகர்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வரும் அலைகள் மணலை வடக்கு நோக்கிக் கொண்டு செல்கின்றன. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் திங்கள்களில் மணல் தெற்கு நோக்கித் திரும்புகிறது. வரவு செலவைக் கூட்டிப் பார்த்தால், வடக்கே செல்வதே மிகுதி. சுருங்கக் கூறின், கடலுக்குள் ஒரு மணல் ஆறு ஓடுகிறது எனலாம்.

1980களின் பிற்பகுதியில், அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்காகக் கடலுள் நீளும் கல்லணைகள் கட்டப்பட்டன. அவை மணல் ஆற்றின் குறுக்கே இட்ட அணையைப் போலாயின. தெற்கிலிருந்து வந்த மணல் அங்கே தடைப்பட்டுத் தேங்கியது. வடக்கே இருந்த கரைக்கு மணல் வருவது குறைந்தது. ஆனால் அங்கிருந்த மணலை அலை எடுத்துச் செல்வது மட்டும் நிற்கவில்லை. வரவின்றிச் செலவு செய்யும் குடும்பம் போல அக்கரை தேய்ந்தது. புதுச்சேரி நகரின் முன்னே பரந்து கிடந்த மணற்பரப்பு மறைந்து, கருங்கற்குவியலே அரணாக நின்றது. கல் அடுக்கிய இடத்தில் அரிப்பு நின்றாலும், அதற்கு வடக்கே உள்ள குப்பங்களை அது தொடர்ந்து தாக்கியது. கட்டுமரம் ஏற்றி வைக்கவும், வலை உலர்த்தவும், மீன் காய வைக்கவும் இடமின்றி மீனவர் வருந்தினர்.

இதனைச் சரிசெய்யும் முயற்சியில் பல துறையினரும் ஒன்றுகூட வேண்டியதாயிற்று. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் அலைகளையும் நீரோட்டங்களையும் அளந்தனர். கணித முறையில் கரையின் போக்கை ஆராய்ந்தனர். பின்னர் 2018 ஆம் ஆண்டையொட்டி, எஃகினால் ஆகிய ஆப்பு வடிவப் பெருந்திட்டு ஒன்றை நகரின் வடபகுதிக் கடலில் அமிழ்த்தினர். அது அலையின் வேகத்தைத் தணிக்கவே, மணல் படியத் தொடங்கிற்று. பல ஆண்டுகளாக மணலைக் காணாத நகரக் கரையில் மக்கள் மீண்டும் கால் புதைய நடந்தனர். அலையை அறிந்தவர், மணலை அறிந்தவர், எஃகை அறிந்தவர், கணக்கை அறிந்தவர் ஆகிய அனைவரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசினாலன்றி இது கைகூடியிராது. ஒருவர் பேசுவது மற்றவர்க்கு விளங்க வேண்டுமானால், ஒவ்வொருவரும் பிறர் துறையின் அடிப்படையையேனும் கற்றிருத்தல் வேண்டும் அன்றோ?

இன்னும் ஒரு சிறு பொருளைக் காண்போம். இக்கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. இரவில் கரையேறும் பெண் ஆமை, மணலைத் தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு, குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். அது அடைகாப்பதில்லை, மணலின் வெப்பமே முட்டையைக் காக்கிறது. ஏறத்தாழ 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. அவற்றுள் எவை ஆண், எவை பெண் என்பதைத் தீர்மானிப்பதும் அவ்வெப்பமே என்பது வியப்புக்குரியது. மணலின் வெப்பம் ஏறத்தாழ 29 பாகை செல்சியசுக்கு மேற்பட்டால் பெண் குஞ்சுகள் மிகுதியாகவும், குறைந்தால் ஆண் குஞ்சுகள் மிகுதியாகவும் பிறக்கின்றன. உலகின் வெப்பம் உயர்ந்துகொண்டே சென்றால் ஆண் ஆமைகள் அரிதாகிவிடுமோ என அறிஞர் கவலை கொள்கின்றனர்.

இச்செய்தி எந்தத் துறையைச் சேர்ந்தது? வெப்பம் மணலினுள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது இயற்பியல். கருமை நிற மணல் வெண்மணலைவிட மிகுதியாக வெப்பம் ஏற்பதன் காரணத்தை அறிய மணலின் கனிமங்களை அறிதல் வேண்டும், அது நிலவியல். வெப்பத்தால் கருவினுள் சுரக்கும் பொருள்கள் மாறுவது வேதியியலும் உயிரியலும் கலந்தது. எத்தனை கூடுகளை ஆராய்ந்தால் முடிவு நம்பத்தக்கது எனக் கூறுவது புள்ளியியல். ஒரு முட்டையின் வரலாற்றை முழுதும் அறியவே ஐந்து துறைகள் வேண்டியிருக்கின்றன.

நிகழ்காலத்தை அறிவதற்கு மட்டுமன்றி, இறந்தகாலத்தை அறிவதற்கும் பல துறைகள் கூட வேண்டும். வீராம்பட்டினத்தை அடுத்து, ஆற்றின் கரையில் உள்ளது அரிக்கமேடு. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னர் உரோமானிய நாட்டோடு வாணிகம் நடந்த துறைமுகம் அது. 1930களில் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் அங்குக் கிடைத்த மணிகளையும் பிற பொருள்களையும் கண்டு அதன் சிறப்பை உணர்ந்தார். 1945 ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அங்கே முறையாக அகழ்ந்தார். இத்தாலி நாட்டில் செய்யப்பட்ட மெருகிட்ட செந்நிறப் பாண்டங்களின் துண்டுகள் மண்ணடுக்குகளில் கிடைத்தன. அப்பாண்டங்கள் செய்யப்பட்ட காலம் மேனாட்டார்க்கு நன்கு தெரியும். ஆகவே அதே அடுக்கில் கிடைத்த நம் நாட்டுப் பாண்டங்களின் காலமும் தெளிவாயிற்று. அதனைக் கொண்டு, அத்தகைய பாண்டங்கள் கிடைத்த பிற ஊர்களின் காலத்தையும் கணிக்க முடிந்தது. ஒரு சிறு ஓட்டுத்துண்டு தென்னிந்திய வரலாற்றுக்கே காலக்கோலாக அமைந்தது.

பின்னர் கசால் என்பார் 1947 முதல் 1950 வரையிலும், விமலா பெக்லி என்பார் 1989 முதல் 1992 வரையிலும் அங்கே அகழாய்வு செய்தனர். கிடைத்த பொருள்களை ஆராய்ந்தவர் வரலாற்றாசிரியர் மட்டும் அல்லர். மட்பாண்டத்தின் களிமண் எவ்வூர் மண் என அறிய அதனுள் எக்ஸ் கதிர் செலுத்தப்பட்டது. கண்ணாடி மணிகளின் நிறத்திற்குக் காரணம் செம்பா, கோபால்ட்டா என வேதியியல் வல்லார் பகுத்துப் பார்த்தனர். சில பாண்டங்கள் எங்கே செய்யப்பட்டன என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. அவ்வேறுபாட்டைத் தீர்ப்பதற்கு வரலாற்று அறிவும் வேண்டும். வேதியியல் அறிவும் வேண்டும். இரண்டும் ஒருவரிடத்தே அமைந்தால் ஆய்வு எத்துணை எளிதாகும்!

அவ்வாறு பல துறைகளிலும் மனம் செலுத்திய அறிஞர் ஒருவர் 18 ஆம் நூற்றாண்டில் புதுச்சேரிக்கு வந்தார். அவர் பெயர் லெ ழாந்தி. வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து செல்லும் அரிய காட்சியை அளந்து, அதனால் சூரியனுக்கும் பூமிக்கும் இடையே உள்ள தொலைவைக் கணக்கிட அவர் 1760 ஆம் ஆண்டில் பிரான்சிலிருந்து புறப்பட்டார். போர் காரணமாகப் புதுச்சேரியில் இறங்க இயலாமல், 1761 ஆம் ஆண்டு நிகழ்ந்த கடப்பை ஆடும் கப்பலிலிருந்தே காண நேர்ந்தது. அதனால் அளவு பயன்படவில்லை. அடுத்த கடப்பிற்காக எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். 1769 ஆம் ஆண்டு சூன் திங்களில் அந்த நாளும் வந்தது. ஆனால் புதுச்சேரியின் வானை மேகம் மூடிக்கொண்டது!

நோக்கம் நிறைவேறாவிடினும் அவருடைய காலம் வீணாகவில்லை. இந்தியப் பெருங்கடலின் காற்றையும் ஓதத்தையும் அவர் ஆராய்ந்தார். புதுச்சேரியில் தமிழர் ஒருவரிடம் இந்நாட்டு வானியற் கணித முறையைக் கற்று அதனை எழுதி வைத்தார். வீராம்பட்டினத்தருகே மண்ணுள் புதைந்து கிடந்த பழஞ்செங்கற் சுவர்களைப் பற்றிய குறிப்பையும் விட்டுச் சென்றார். வானை அளக்க வந்தவர் மண்ணையும் நோக்கினார். கற்பிக்க வல்லவர் கற்கவும் முன்வந்தார். பல்துறைக் கல்வியின் உயிர்நிலை இதுவேயாகும்.

அவர் கற்ற அக்கணித மரபு அதன் பின்னரும் இவ்வூரில் வாழ்ந்தது. ஜான் வாரன் என்பவர் 1825 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘காலசங்கலிதம்’ என்னும் நூலில், புதுச்சேரியில் தாம் கண்ட பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றிக் கூறுகிறார். ஏடும் எழுதுகோலும் இன்றி, தரையில் சோழிகளை அடுக்கியும், மனத்தில் பதித்திருந்த வாய்பாடுகளைக் கொண்டும், அவர் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினாராம். நுண்ணிய கணக்கு எந்த மொழிக்கும் புறம்பானதன்று என்பதற்கு இது சான்றாகும்.

இயற்கையை முழுமையாகக் காணும் பார்வை தமிழர்க்குப் புதிதன்று. நம் முன்னோர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பகுத்தபோது, நிலத்தை மட்டும் தனியே கூறி நிறுத்தவில்லை. அவ்வந் நிலத்துக்குரிய பொழுதையும், மரத்தையும், பறவையையும், விலங்கையும், உணவையும், மக்கள் தொழிலையும் ஒன்றோடொன்று இணைத்தே கூறினர். நெய்தல் என்றவுடன் கடலும் புன்னையும் தாழையும் மீனும் உப்பும் பரதவரும் ஒருங்கே நம் நினைவுக்கு வருகின்றன. இக்காலச் சூழலியலார் கொள்ளும் முறையும் ஏறத்தாழ இதுவே. அளந்து பார்த்தலும் சோதித்துப் பார்த்தலும் புதிய அறிவியல் சேர்த்த வலிமை. இணைத்துப் பார்த்தல் நமக்கு உரிமையான பழக்கம்.

இத்தகைய இணைந்த பார்வையை இளமையிலேயே அளிப்பதற்காக ஏற்பட்டதுதான் பல்துறை இயற்கை அறிவியல் பட்டப் படிப்பு. இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1848 ஆம் ஆண்டில் இயற்கை அறிவியலுக்கென ஒரு பட்டத் தேர்வை வகுத்து, 1851 ஆம் ஆண்டில் அதனை முதன்முறையாக நடத்தியது. இன்றும் அங்கே இப்படிப்பில் சேரும் மாணவர், முதலாண்டில் மூன்று அறிவியல் பாடங்களையும் கணிதத்தையும் சேர்த்தே பயில்கின்றனர். ஆண்டுகள் செல்லச் செல்லப் பாடங்களைக் குறைத்து, இறுதியில் ஒரு துறையில் ஊன்றுகின்றனர்.

நம் நாட்டில் இந்நோக்கத்தோடு 2006 ஆம் ஆண்டு முதல் இந்திய அறிவியற் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்கள் தோன்றின. பூனாவிலும் கொல்கத்தாவிலும் அவை முதலில் தொடங்கப்பட்டன. தென்னாட்டில் திருவனந்தபுரத்தில் 2008 ஆம் ஆண்டிலும், திருப்பதியில் 2015 ஆம் ஆண்டிலும் அமைந்தன. இவற்றின் ஐந்தாண்டுப் படிப்பு இளநிலைப் பட்டத்தையும் முதுநிலைப் பட்டத்தையும் ஒருங்கே தருவது. தொடக்க ஆண்டுகளில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய அனைத்தும் எல்லோர்க்கும் பொது. இறுதியாண்டு ஆராய்ச்சிக்கு உரியது. 1909 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் 2011 ஆம் ஆண்டில் நான்காண்டு இளநிலை அறிவியற் பட்டப் படிப்பைத் தொடங்கியது. அங்கும் தொடக்கப் பருவங்களில் அனைவரும் பல அறிவியல்களையும், அவற்றோடு பொறியியலின் அடிப்படையையும், சமூகம் பற்றிய பாடங்களையும் கற்கின்றனர். பின்னரே தமக்குரிய துறையைத் தெரிந்தெடுக்கின்றனர். நான்காம் ஆண்டில் ஆய்வு செய்கின்றனர். நுழைவுத் தேர்வின் வாயிலாகவே இந்நிறுவனங்களில் இடம் பெறலாம்.

“பலவற்றையும் படித்தால் ஒன்றிலும் தேர்ச்சி வாராதே, அகல உழுவதைவிட ஆழ உழுவது மேலன்றோ?” எனச் சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. நுனிப்புல் மேய்வது கல்வியாகாது. ஆனால் மேற்கூறிய படிப்புகளின் அமைப்பை நோக்கினால் இதற்கு விடை கிடைக்கும். முதலில் அகலம், பின்னர் ஆழம் என்பதே அவற்றின் முறை. வீராம்பட்டினத்து மீனவர் நெடுங்காலம் கடலில் செலுத்திய கட்டுமரத்தை எண்ணிப் பாருங்கள். தனித்த மரத்துண்டு அலையில் உருளும். அதன்மேல் நிற்க ஒண்ணாது. சில மரங்களை அளவறிந்து செதுக்கி, வரிசையறிந்து சேர்த்து, கயிற்றால் இறுகப் பிணைத்தால், அதுவே ஆளையும் வலையையும் தாங்கிக் கடலைக் கடக்கும். மரங்கள் பலவாயினும் கட்டு இன்றேல் பயனில்லை. அதுபோலவே, பாடங்கள் பலவாயினும் அவற்றைப் பிணைக்கும் கேள்வி ஒன்று மாணவர் உள்ளத்தில் இருத்தல் வேண்டும். ‘கரை ஏன் தேய்கிறது? ஆமை ஏன் குறைகிறது? மீன் வளம் பெருக என் செய்யலாம்?’ இவை போன்ற கேள்விகளே அப்பிணிக்கயிறு.

இப்படிப்புகள் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகின்றன. இது குறித்துத் தமிழ் வழியில் பயின்ற மாணவர் அஞ்சுவது இயல்பு. வகுப்பில் முதல் சில திங்கள்கள் அவர்க்குக் கடினமாகவே இருக்கும். இதை மறைப்பதில் பயனில்லை. விரைந்து பேசும் ஆசிரியரின் சொற்கள் சில செவியில் விழுந்தும் பொருள் விளங்காமல் போகும். விடை தெரிந்தும் சொல்ல வாய் எழாமல் நிற்க நேரும். ஆனால் இத்துன்பம் அறிவின் குறையால் நேர்வதன்று. பழக்கக் குறையால் நேர்வது. பழக்கக் குறையைப் பழக்கமே தீர்க்கும்.

ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். கடற்கரையில் வளர்ந்த மாணவன் வாடைக்காற்றும் கொண்டலும் கச்சானும் சோழகமும் அறிவான். நீரோட்டம் மாறும் நாளையும், மீன் கூடும் இடத்தையும், கரை அரிக்கும் பருவத்தையும் கண்ணால் கண்டிருப்பான். நகரத்து வகுப்பறையில் ‘எரோஷன்’ என்ற சொல்லைக் கேட்கும்போது, அவனுக்குப் புதியது அச்சொல் மட்டுமே, பொருள் புதிதன்று. சொல்லை மட்டும் அறிந்து பொருளைக் காணாதவனைவிட, பொருளைக் கண்டு சொல்லைத் தேடுபவன் ஒரு படி முன்னே நிற்கிறான். பொருளை அறிந்தவனுக்குச் சொல்லைக் கற்பது சில நாள் வேலையே.

ஆங்கிலமும் நம்மிடமிருந்து சொற்களைப் பெற்றுள்ளது. நம் கட்டுமரம் அம்மொழியில் ‘கேட்டமரான்’ ஆயிற்று. அணைக்கட்டு ‘அனிகட்’ ஆயிற்று. பொருள் எங்கே உள்ளதோ அங்கிருந்து சொல் செல்லும். அதுபோல நாமும் வேண்டிய சொற்களைப் பெறுவதில் நாணம் கொள்ள வேண்டியதில்லை. அதே வேளையில், தமிழில் அறிவியலைச் சொல்ல இயலாது என எண்ணுவதும் பிழை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர், 1860களிலேயே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், உடற்கூறு முதலிய நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார், கலைச்சொற்களைத் தொகுத்தார். அயல்நாட்டார் ஒருவர் செய்த தொண்டினை நாம் தொடர்ந்து செய்தல் கடமையன்றோ?

ஆகவே இப்படிப்பை விரும்பும் மாணவர் இரு மொழிகளையும் இரு கண்களாகக் கொள்வாராக. குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் ஆங்கிலக் கலைச்சொல்லையும், எதிர்ப்பக்கத்தில் அதற்குரிய தமிழ்ச் சொல்லையும், இரண்டின் கீழும் தாம் கண்ட ஓர் எடுத்துக்காட்டையும் எழுதி வருதல் நன்று. ஒவ்வொரு நாளும் அறிவியல் நூலின் ஒரு பக்கத்தை ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படித்து, அதன் கருத்தைத் தமிழில் தம் தம்பி தங்கையர்க்கு எடுத்துக் கூறிப் பழகலாம். தாய்மொழியில் விளக்க இயலாத ஒன்றை நாம் உண்மையில் புரிந்துகொள்ளவில்லை என்பதே அடையாளம். புரிந்தவுடன் அதனை ஆங்கிலத்தில் எழுதுதல் எளிதாகும்.

பட்டப் படிப்பு தொடங்கும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இப்போதே செய்யத்தக்கன பல உள. கரையில் அசையாத ஒரு தூணையோ மரத்தையோ குறியாகக் கொண்டு, அங்கிருந்து நீர் விளிம்பு வரை உள்ள தூரத்தைத் திங்கள்தோறும் குறித்த நாளில், குறித்த நேரத்தில் அளந்து எழுதலாம். அவ்வேளையில் ஓதம் ஏறியிருந்ததா இறங்கியிருந்ததா, காற்று எத்திசை எனவும் குறிக்கலாம். ஓராண்டு முடிந்ததும் அவ்வளவுகளை வரைபடமாக்கினால், கரை எப்போது வளர்கிறது, எப்போது தேய்கிறது என்பது கண்முன்னே தோன்றும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை உள்ளது. மீன்கள் இனம் பெருக இடம் தருவதே அதன் நோக்கம். தடைக்கு முன்னும் பின்னும் கரைக்கு வரும் மீன் வகைகளைப் பெரியோரிடம் கேட்டு எழுதி வைத்தாலும் அஃது ஓர் ஆய்வே. இவற்றுக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. அளவு நாடாவும், குறிப்பேடும், தவறாத ஒழுங்குமே போதும்.

வெளியூர் சென்று இத்தகைய படிப்பில் இடம் பெறுவது எல்லோர்க்கும் இயலாது. இடங்கள் சில, விரும்புவோர் பலர். அதனால் மனம் தளர வேண்டா. அருகிலுள்ள கல்லூரியில் ஒரே துறையைப் படிப்பவரும், துணைப்பாடங்களை ஆர்வத்தோடு கற்று, பிற துறை மாணவரோடு உரையாடி, நூலகத்தை நன்கு பயன்படுத்தினால் இப்பார்வையைப் பெறலாம். புதுச்சேரியிலேயே அதற்குரிய சூழல் உள்ளது. 1955 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் உலர்த்திக் காக்கப்பட்ட செடிகொடிகளின் பெருந்தொகுதி ஒன்றும், மகரந்தத் துகள்களின் தொகுதி ஒன்றும் உள்ளன. மண்ணில் புதைந்த மகரந்தத்தை உருப்பெருக்கியால் நோக்கி, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கு எவ்வகைக் காடு இருந்தது என அறிஞர் கூறுகின்றனர். அதே நிறுவனத்தில் பழஞ்சுவடிகளும் ஆராயப்படுகின்றன. 1985 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகமும் காலாப்பட்டில் கடலை நோக்கியே அமைந்துள்ளது. கற்க விழைவோர்க்கு வாயில்கள் திறந்தே உள்ளன.

2004 ஆம் ஆண்டு திசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியதை நாம் மறத்தலாகாது. கடலடி நிலத்தட்டு அசைந்ததை நிலவியல் அறியும். அலை பரவிய வேகத்தை இயற்பியல் அறியும். எந்தக் குப்பத்தில் எத்தனை பேர் எந்நேரம் கரையில் இருப்பர் என்பதை அவ்வூர் மக்களே அறிவர். இம்மூன்றும் ஒன்று சேர்ந்தால்தான் எச்சரிக்கை உரிய நேரத்தில் உரியவர் செவியை எட்டும். அதுவும் அவர்க்கு விளங்கும் மொழியில் எட்டுதல் வேண்டும். ஆங்கிலத்தில் கற்ற அறிவைத் தமிழில் சொல்லத் தெரிந்தவனே அந்த நேரத்தில் உயிர்களைக் காப்பவன் ஆவான்.

எனவே, பல்துறை இயற்கை அறிவியலைக் கற்பதன் பயன் பட்டமும் பதவியும் மட்டும் அல்ல. ஓரிடத்தில் செய்யும் செயல் மற்றோரிடத்தில் என்ன விளைவைத் தரும் என முன்னரே எண்ணிப் பார்க்கும் அறிவே அதன் முதற்பயன். கல்லணை கட்டுபவர் மணலை எண்ணவும், மணலை ஆராய்பவர் மீனவரை எண்ணவும், மீனவரின் மக்கள் கல்வியில் உயர்ந்து அவ்விருவரோடும் சரிநிகராக அமர்ந்து பேசவும் அது வழி செய்யும். கடலோர ஊர்களில் பிறந்த மாணவர்கள் அவ்வறிவைப் பெற்றுத் தம் ஊருக்கே மீண்டும் பயன்படுத்துவாராயின், கரையும் வாழும். கரையை நம்பிய மக்களும் வாழ்வர்.